ஜுரத்தை மருந்தாக்கிய டாக்டர் கோலி

புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி என்று ஒரு சிகிச்சை இருப்பதை நம் அங்கத்தினர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சில வீடுகளில் அந்த வார்த்தை புழங்கவே தொடங்கியிருக்கலாம். கட்டியை வெட்டி எடுப்பது, கதிர் வைத்துச் சுடுவது, மருந்து ஏற்றிக் கொல்வது என்ற மூன்று வழிகளுக்குப் பிறகு நான்காவதாக வந்தது இது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியையே கட்டியின் மேல் ஏவிவிடுவதுதான் இதன் சாரம். நான்காவது என்று சொல்கிறோமே தவிர, வயதில் இது கதிர் சிகிச்சைக்கு மூத்தது. ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895ல். அதற்கு நான்கு வருஷம் முன்பே நியூயார்க்கில் ஓர் இளம் சர்ஜன் இந்தப் பாதையில் இறங்கிவிட்டார். அவர் பெயர் வில்லியம் பிராட்லி கோலி.

கோலி 1862ம் வருஷம் ஜனவரி 12ந் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். யேல் சர்வகலாசாலையில் லத்தீன், கிரேக்கம் என்று பழைய மொழிகளைப் படித்து 1884ல் பட்டம் பெற்றார். அந்த தேசத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஆரிகன் மாநிலத்துக்குப் போய் இரண்டு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். அதன் பிறகே ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1888ல் டாக்டரானார். மயக்க மருந்தும் கிருமிநாசினியும் வந்துவிட்ட காலம் அது. சர்ஜன்களின் மதிப்பு உச்சத்தில் இருந்தது. நியூயார்க் ஹாஸ்பிடலில் பயிற்சி முடித்த கோலிக்கு அங்கேயே நல்ல பெயர். வில்லியம் புல் என்ற பிரபல சர்ஜன் அவரைத் தம் சிஷ்யராக ஏற்றுக்கொண்டார். இப்படியே போயிருந்தால் வசதியான இன்னொரு சர்ஜனாக வாழ்ந்து மறைந்திருப்பார்.

1890 அக்டோபரில் எலிஸபெத் டஷீல் என்ற பெண் அவரிடம் வந்தாள். வீட்டில் பெஸி என்று கூப்பிடுவார்கள். வயது 17. அந்தக் கோடையில் நெடுந்தூர ரயில் பிரயாணத்தின்போது இரண்டு இருக்கைகளுக்கு நடுவே அவளுடைய வலது கை சிக்கி நசுங்கியிருந்தது. சின்னக் காயம்தான். ஆனால் வீக்கம் வடியவில்லை. வலி கூடிக்கொண்டே போயிற்று. சீழ் கோத்திருக்கும் என்று கீறிப் பார்த்தார் கோலி. சீழ் இல்லை. கடைசியில் அது ஸார்கோமா என்று தெரிந்தது. எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்று அது. நவம்பரில் முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். பிரயோஜனமில்லை. சில வாரங்களுக்குள் உடம்பெங்கும் பரவி, 1891 ஜனவரி 23ந் தேதி காலையில் அந்தப் பெண் இறந்துபோனாள். கோலி பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு 29 வயது நிரம்பி பதினோரு நாட்கள்தான் ஆகியிருந்தன.

பெஸியின் நெருங்கிய ஸ்நேகிதர் ஒருவர் உண்டு: எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் மகன், ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். அவளைக் கூடப்பிறந்தவளாகவே பாவித்தவர். இந்தக் குடும்பப் பெயரை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடி வரும்.

எத்தனையோ டாக்டர்களுக்கு எத்தனையோ நோயாளிகள் கண்ணெதிரே போகிறார்கள். வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் உலக வழக்கம். கோலியால் அது முடியவில்லை. நியூயார்க் ஹாஸ்பிடலில் கடந்த பதினைந்து வருஷத்தில் ஸார்கோமாவுக்கு சிகிச்சை பெற்ற எல்லோருடைய பதிவேடுகளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். பிழைத்தவர் யாராவது உண்டா, உண்டென்றால் எப்படிப் பிழைத்தார் என்பதுதான் அவர் தேடியது.

ஒரே ஒரு கேஸ் அவர் கண்ணில் பட்டது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓர் ஏழை, கழுத்தில் ஸார்கோமா. திரும்பத் திரும்ப அறுத்தும் கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. சர்ஜன்கள் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். அப்போது ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு எரிஸிபெலஸ் என்ற தொற்று வந்துவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. தோல் செக்கச்செவேலென்று வீங்கி, கடும் ஜுரம் அடிக்கும். ஆன்டிபயாடிக் இல்லாத அந்த நாளில் உயிரையே குடித்துவிடக் கூடியது. இந்த மனிதருக்கு ஜுரம் ஏற ஏறக் கட்டி கரைந்தது. குணமாகி வீட்டுக்குப் போனார் என்பதோடு பதிவேடு முடிந்துவிட்டது.

காகிதத்தில் எழுதியிருப்பதைக் கோலி அப்படியே நம்பவில்லை. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் குடியேறிகள் அடைந்து கிடந்த குடியிருப்புகளில் படியேறி இறங்கி விசாரித்து, அந்த மனிதரையே தேடிப் பிடித்தார். கழுத்தில் பெரிய தழும்பு. மற்றபடி ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தார். கட்டி மறைந்து சுமார் ஏழு வருஷம் ஆகியிருந்தது. என்னைக் கேட்டால் கோலியின் வாழ்க்கையில் மிகப் பெரிய காரியம் இந்தத் தேடல்தான். பின்னால் அவர் செய்த சிலவற்றைக் குறை சொல்ல இடம் உண்டு. இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

இப்படி ஒன்றைக் கவனித்த முதல் ஆள் அவர் இல்லை. ஜெர்மனியில் புஷ் என்ற டாக்டர் 1868லேயே புற்றுநோயாளி ஒருவருக்கு வேண்டுமென்றே எரிஸிபெலஸை வரவழைத்துப் பார்த்திருந்தார். 1880களில் ஃபெலைசன் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து மேலும் சிலரிடம் பிரயோகித்தார். அவர்கள் விட்ட இடத்தில் கோலி பிடித்துக்கொண்டார்; நாற்பது வருஷத்துக்கு மேல் விடவில்லை.

முதல் பிரயோகம் 1891 மே மாதம். நோயாளி ஓர் இத்தாலியர். கழுத்திலும் தொண்டைக்குள்ளும் கட்டி. ஆகாரம் இறங்குவதே கஷ்டம். உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கட்டியில் ஊசி மூலம் ஏற்றினார் கோலி. லேசான ஜுரம் வந்து போயிற்றே தவிர, சரியான எரிஸிபெலஸ் வரவில்லை. மாதங்கள் ஓடின. பெர்லினிலிருந்து வீரியமான கிருமியைத் தருவித்து அக்டோபரில் மறுபடி ஏற்றினார். சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், 105 டிகிரி ஜுரம். நோயாளி செத்துப் பிழைத்தார். ஆனால் இரண்டு வாரத்தில் கழுத்துக் கட்டி மறைந்தது. தொண்டைக் கட்டி கொஞ்சம் மிஞ்சினாலும் தொந்தரவு செய்யவில்லை. அவர் இன்னும் எட்டு வருஷம் இருந்தார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. சிலருக்கு எத்தனை முறை ஏற்றியும் ஜுரமே வரவில்லை. சிலர் அந்தத் தொற்றினாலேயே இறந்தார்கள். உயிருள்ள கிருமியை ஏற்றுவது நெருப்போடு விளையாடுவது என்று புரிந்ததும் கோலி வழியை மாற்றினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு இன்னொரு பாக்டீரியாவையும் சேர்த்து (இன்று அதை செராஷியா என்கிறார்கள்), இரண்டையும் சூடுபடுத்திக் கொன்று, அந்தக் கலவையை மருந்தாக்கினார். கோலியின் டாக்ஸின் என்று அதற்குப் பெயர் வந்தது.

1893 ஜனவரி 24ந் தேதி அந்தக் கலவையை முதலில் பெற்றது 16 வயதுப் பையன். அடிவயிற்றை அடைத்துக்கொண்டு, மூத்திரப்பையையும் பிடித்திருந்த பெரிய ஸார்கோமா. அறுவை சிகிச்சைக்கு வழியே இல்லை. சில நாட்களுக்கு ஒருமுறை கட்டிக்குள்ளேயே ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் ஜுரம் வர வேண்டும். வராவிட்டால் அளவைக் கூட்ட வேண்டும். மே மாதம் வரை இது நடந்தது. கட்டி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, ஆகஸ்டில் கைக்கே தட்டுப்படாமல் போயிற்று. அந்தப் பையன் வளர்ந்து, 26 வருஷம் கழித்து மாரடைப்பில் இறந்தார். புற்றுநோய் திரும்பவே இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு கோலியிடம் சரியான பதில் இல்லை. கிருமியின் விஷம் கட்டியின் செல்களை நேரடியாகக் கொல்வதாகவே நினைத்தார். ரத்தத்தின் வெள்ளணுக்களில் எது என்ன வேலை செய்கிறது என்பது சரியாகத் தெரியாத காலம். ஜெர்மனியில் பால் எர்லிக், நம் உடம்பில் புற்றுச் செல்கள் அடிக்கடி தோன்றுகின்றன, எதிர்ப்பு சக்திதான் அவற்றை அடக்கி வைக்கிறது என்ற கருத்தை முன்வைத்ததே 1909ல்தான். அதைச் சோதித்துப் பார்க்க வழி வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

விளக்கம் இல்லாத மருந்துக்கு எதிரிகள் அதிகம். அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகை 1894லேயே இதைக் கடுமையாகத் தாக்கிற்று. இருந்தும் பார்க் டேவிஸ் கம்பெனி 1899லிருந்து டாக்ஸினைத் தயாரித்து விற்றது. கோலி வேலை பார்த்த மெமோரியல் ஹாஸ்பிடலிலேயே பெரிய எதிர்ப்பு பின்னால் கிளம்பியது. ஜேம்ஸ் யூயிங் என்ற நோய்க்குறியியல் மேதை அங்கே தலைமைக்கு வந்தார். எலும்பில் வரும் ஒரு புற்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவருக்கு ரேடியத்தில் அபார நம்பிக்கை. ஜேம்ஸ் டக்ளஸ் என்ற சுரங்க முதலாளி ஆஸ்பத்திரிக்குப் பணமும் ரேடியமும் கொடுத்தார். கதிர் வைத்தால் கட்டி சுருங்குவது கண்ணுக்குத் தெரியும், அளவு நிர்ணயிக்கலாம், எந்த டாக்டர் செய்தாலும் ஏறக்குறைய ஒரே பலன். டாக்ஸினில் இது எதுவும் இல்லை. கோலியிடம் குணமானவர்களைக் காட்டினால், அவர்களுக்குப் புற்றுநோயே இருந்திருக்காது என்று வாதித்தார்கள். பல கேஸ்களில் கட்டியின் ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து உறுதி செய்திருந்தும் இந்த வாதம் ஓயவில்லை.

நியாயமாகப் பார்த்தால் எதிர்த்தரப்பையும் முழுக்கத் தள்ள முடியாது. டாக்ஸினின் தயாரிப்பு முறைகள் மட்டுமே குறைந்தது 13 உண்டு. வீரியம் ஒன்றுக்கொன்று வேறு. ஒருவருக்குக் கட்டியில் ஊசி, இன்னொருவருக்குத் தசையில், மற்றொருவருக்கு ரத்தக் குழாயில். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஆறு வாரம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு சிகிச்சை செய்தார். ஆனால் அவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்ற குறிப்பு பல இடங்களில் இல்லை. வருமானத்துக்கும் புகழுக்கும் அவருக்கு இன்னொரு துறை இருந்தது. குழந்தைகளின் குடலிறக்க அறுவை சிகிச்சையில் அவர் நிபுணர். 1925ல் அதற்கென்றே பெயர்பெற்ற ஆஸ்பத்திரியின் தலைமை சர்ஜனானார். டாக்ஸின் வேலை இதற்கு நடுவில் நடந்தது. ஒருவர் வீட்டில் வத்தக்குழம்பு பிரமாதமாக வரும். குறிப்பு கேட்டால் எல்லாம் ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை என்பார். அதை வைத்துக்கொண்டு வேறு யாரும் சமைக்க முடியாது. டாக்ஸின் விஷயமும் அப்படித்தான் ஆயிற்று.

1934ல் அதே அமெரிக்க மருத்துவ சங்கம், இதில் ஏதோ பலன் இருக்கலாம் என்று இறங்கி வந்தது. 1935ல் இங்கிலாந்தின் ராயல் சர்ஜன்கள் கல்லூரி அவருக்கு கௌரவப் பட்டம் அளித்தது. 1936 ஏப்ரல் 16ந் தேதி, 74வது வயதில், கோலி நியூயார்க்கில் காலமானார். கீமோதெரபி வந்த பிறகு டாக்ஸினை யாரும் சீண்டவில்லை. பார்க் டேவிஸ் 1950களின் தொடக்கத்தில் தயாரிப்பை நிறுத்தியது. 1963ல் அமெரிக்க அரசு, இது நிரூபிக்கப்படாத புது மருந்து, பரிசோதனைக்கு மட்டுமே உபயோகிக்கலாம் என்று வகைப்படுத்திவிட்டது. எழுபது வருஷப் பழைய மருந்து புது மருந்தானது இப்படித்தான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் காப்பாற்றியவர் அவருடைய பெண் ஹெலன் கோலி நாட்ஸ். கோலியின் மகன் பிராட்லியும் சர்ஜன்தான். மெமோரியலிலேயே வேலை பார்த்தார். ஆனால் பிதுர் கடன் என்று நாம் சொல்வதைப் பெரிய அளவில் தீர்த்தது பெண். 1907ல் பிறந்த ஹெலன் காலேஜ் படிப்புப் படிக்கவில்லை. வைத்தியப் பயிற்சி எதுவும் இல்லை. தகப்பனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதலாம் என்று ஆயிரக்கணக்கான கடிதங்களையும் குறிப்புகளையும் புரட்டத் தொடங்கினார். படிக்கப் படிக்க, எழுத வேண்டியது வரலாறு அல்ல, கணக்கு என்று புரிந்தது. யாருக்கு என்ன கட்டி, எந்தத் தயாரிப்பு, எங்கே ஊசி, எத்தனை நாள், ஜுரம் எவ்வளவு, எத்தனை வருஷம் பிழைத்தார் என்று கேஸ் கேஸாகத் தேடி, கடிதம் போட்டு விசாரித்துத் தொகுத்தார். தகப்பனார் செய்யாமல் விட்ட வேலை இதுதான். 1946ல் முதல் கட்டுரை வெளியாயிற்று. ஜுரம் வருமளவு மருந்தேற்றி, மாதக்கணக்கில் விடாமல் தொடர்ந்தவர்களே நன்றாகப் பிழைத்தார்கள் என்பது அவர் தொகுப்பில் தெரிந்தது.

மெமோரியலை நிர்வகித்தவர்கள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. 1953ல், ஆலிவர் கிரேஸ் என்ற நண்பருடன் சேர்ந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவரே ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். மூலதனம் 2,000 டாலர். கொடுத்தவர் நெல்சன் ராக்ஃபெல்லர்; 62 வருஷம் முன்பு பெஸிக்காகத் துக்கப்பட்ட ராக்ஃபெல்லர் ஜூனியரின் மகன்.

அந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர் லாயிட் ஓல்ட். நம் குழந்தைகளுக்குத் தோளில் போடுகிறோமே, அந்த பி.சி.ஜி. கிருமியைச் செலுத்திய எலிகளில் புற்றுக்கட்டி எளிதில் வளர்வதில்லை என்று 1959ல் காட்டியவர் அவர். 1975ல் அவருடைய குழு, பாக்டீரியாவின் நச்சு பட்டதும் வெள்ளணுக்கள் வெளியிடும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. அது சில கட்டிகளைக் கருக வைத்தது. டி.என்.எஃப். என்று பெயர். கோலி நினைத்தபடி கிருமியின் விஷம் கட்டியைக் கொல்லவில்லை. கிருமியைக் கண்டு கிளர்ந்தெழுந்த உடம்புதான் கொன்றது. மூத்திரப்பையின் உள்தோலில் வரும் புற்றுக்கு பி.சி.ஜி.யையே உள்ளே செலுத்தும் சிகிச்சையை 1976ல் கனடாவில் மொராலிஸ் வெளியிட்டார். இன்றும் அது வழக்கத்தில் இருக்கிறது. கோலியின் நேர் வாரிசு என்று அதைச் சொல்லலாம்.

கட்டி வளரும்போது எதிர்ப்பு சக்தி என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி மிஞ்சியது. அதற்கு விடை 2001ல், ராபர்ட் ஷ்ரைபரும் ஓல்டும் வெளியிட்ட எலி ஆராய்ச்சியில் துலங்கியது. லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் இல்லாத எலிகளில் புற்று அதிகமாக வந்தது. இது எதிர்பார்த்ததுதான். அந்த எலிகளில் வளர்ந்த கட்டிகளை எடுத்து ஆரோக்கியமான எலிகளுக்குள் வைத்தபோது பல கட்டிகள் அழிந்துபோயின. ஆரோக்கியமான எலிகளிலேயே வளர்ந்த கட்டிகளோ, மற்ற ஆரோக்கியமான எலிகளிலும் தங்குதடையில்லாமல் வளர்ந்தன. காவல் இருந்த வீட்டில் வளர்ந்த திருடன் காவலை ஏய்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம். எளிதில் அகப்படும் புற்றுச் செல்களை எதிர்ப்பு சக்தி முதலில் அழித்துவிடுகிறது. மிஞ்சியவற்றைப் பல வருஷம் வளரவிடாமல் கட்டி வைக்கிறது. அதற்குள் அவற்றில் சில மறைந்துகொள்ளும் வித்தையைப் பழகித் தப்பிக்கின்றன. நாம் ஸ்கேனில் பார்ப்பது மூன்றாவது கட்டத்தைத்தான்.

நடுக்கட்டம் எவ்வளவு நீளும் என்பதற்கு, 2003ல் ஸ்காட்லாந்திலிருந்து வெளியான ஒரு கேஸ் உண்டு. மெலனோமா என்ற தோல் புற்றை அறுத்தெடுத்து 16 வருஷமாக நன்றாக இருந்தவர் இறந்தபோது, அவருடைய சிறுநீரகங்களை இருவருக்குப் பொருத்தினார்கள். இருவருக்கும் மெலனோமா வந்தது. கொடுத்தவரின் உடம்பு 16 வருஷம் அடக்கி வைத்திருந்த செல்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் உடம்புக்குப் போனதும் தலைதூக்கிவிட்டன.

தப்பிக்கும் வித்தைகளில் ஒன்று, டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் இயற்கையாகவே உள்ள பிரேக்கைப் புற்றுச் செல் அழுத்திவிடுவது. அந்த பிரேக்குகளை விடுவிக்கும் வழிக்காகத்தான் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிஸனும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் 2018ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு முன்பே, ஆலிஸன் 2005லும் ஹோஞ்சோ 2014லும் ஹெலனின் ஸ்தாபனம் வழங்கும் விருதைப் பெற்றிருந்தார்கள். விருதின் பெயர் வில்லியம் கோலி விருது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று கடைகளில் விற்கும் பொடிகளுக்கும் லேகியங்களுக்கும் இதில் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஊற்றினால் நிரம்பும் பாத்திரம் அல்ல. பிரேக்கை எடுத்தால் அதே டி செல்கள் குடலையும் தைராய்டையும் தாக்குவது உண்டு; ஆஸ்பத்திரிகளில் அதற்காகவே கண்காணிப்பு. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சையில், நோயாளியின் டி செல்களையே எடுத்துப் புற்றை அடையாளம் காணும்படி மாற்றித் திரும்ப ஏற்றுகிறார்கள். சில ரத்தப் புற்றுகளுக்கு அது. அதை ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலும் முதலில் வருவது ஜுரம்தான்.

கோலிக்கு நல்ல பலன் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஸார்கோமாக்களில், முக்கியமாக எலும்பில் வருபவற்றில், பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் இதுவரை சொற்பப் பேருக்கே கைகொடுத்திருக்கின்றன. ஹெலன் நாட்ஸ் 2001 ஜனவரியில், 93வது வயதில் காலமானார். ஷ்ரைபரும் ஓல்டும் எழுதிய அந்தக் கட்டுரை வெளியானது அதே வருஷம் ஏப்ரலில்.